ராயல்டி வேண்டாம் என்கிற கம்பெனி எதில் சம்பாதிக்கிறது?

தமிழ்நாட்டில் இப்போது எந்த ஊர் பைபாஸில் போனாலும் ஒரே பெயர்ப் பலகை, ஒரே நிறம், ஒரே மாதிரி கிளாஸ் வைத்த டீக்கடைகள் அடுத்தடுத்துத் தென்படுகின்றன. பிரியாணி, பொரித்த கோழி, ஐஸ்கிரீம், சலூன், மழலையர் பள்ளி, ரத்தப் பரிசோதனை நிலையம் என்று எல்லாவற்றுக்கும் ஃபிரான்சைஸ் வந்துவிட்டது. ஃபேஸ்புக்கைத் திறந்தால் விளம்பரம்: "ஐந்து லட்சம் முதலீடு. ராயல்டி கிடையாது. முழு லாபமும் உங்களுக்கே."

அந்த நடு வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு கம்பெனி உங்களுக்குத் தன் பெயரைத் தருகிறது, ஆளுக்குப் பயிற்சி தருகிறது, சரக்கு அனுப்புகிறது, மேற்பார்வைக்கு ஒருவரை அனுப்புகிறது. ஆனால் மாதா மாதம் உங்களிடம் எதுவும் வாங்குவதில்லை என்கிறது. அப்படியானால் அதன் அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் எங்கிருந்து வருகின்றன? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஃபிரான்சைஸ் என்ற வியாபாரம் முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

அடிப்படை எளிது. ஒருவர் ஒரு கடையை நன்றாக நடத்திக் காட்டுகிறார். அதே கடையை இன்னும் நூறு ஊரில் போட அவரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த ஊர்களில் கையில் பணத்தோடும் உழைக்கிற தெம்போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரும் இல்லை, செய்முறையும் தெரியாது. இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். பெயரும் செய்முறையும் கம்பெனியுடையவை. முதலும் உழைப்பும் நஷ்டம் வந்தால் அந்த நஷ்டமும் கடைக்காரருடையவை.

இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்குப் பணம் வர நான்கு வாசல்கள் உண்டு. கடை எடுக்கும்போது ஒரே தடவையாகக் கட்டும் நுழைவுக் கட்டணம். விற்பனையில் மாதம் இத்தனை சதவீதம் என்று போகும் ராயல்டி. கம்பெனியிடமே வாங்கியாக வேண்டிய சரக்கிலும் எந்திரங்களிலும் கம்பெனி வைக்கும் லாபம். நான்காவது, கடை இருக்கும் இடமே கம்பெனி கையில் இருந்தால் அதற்கான வாடகை. விளம்பர நிதி என்று தனியாக ஒன்றிரண்டு சதவீதம் வாங்குவதும் உண்டு. எந்தக் கம்பெனி எந்த வாசலை நம்பி இருக்கிறதோ, அதை வைத்தே அது உங்களை எப்படி நடத்தும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மெக்டொனால்ட்ஸின் ஆரம்பக் கதையைப் போல இதை விளக்குவது வேறு எதுவும் இல்லை.

கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் டிக், மேக் என்ற இரண்டு மெக்டொனால்ட் சகோதரர்கள் கடை நடத்தினார்கள். 1948-ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் மூடி, எல்லாவற்றையும் மாற்றினார்கள். நீண்ட மெனுவைச் சுருக்கினார்கள். தட்டு, கரண்டி, பரிமாறும் பெண்கள் எல்லாம் போனது. 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், மில்க்‌ஷேக். சமையலறையில் ஆளுக்கு ஒரே ஒரு வேலை. கூட்டம் அலைமோதியது. ஊர் ஊராக ஆட்கள் வந்து பார்த்துக் காப்பியடித்தார்கள்.

சரி, நாமே உரிமம் கொடுக்கலாமே என்று சகோதரர்கள் முடிவெடுத்தார்கள். 1953-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் முதல் உரிமம். விலை 1,000 டாலர், ஒரே தவணை. கட்டட வரைபடமும் செய்முறைக் குறிப்பும் கொடுத்ததோடு சரி. மாதா மாதம் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றைய ஃபேஸ்புக் விளம்பரக்காரர்கள் சொல்லும் அதே 'ராயல்டி இல்லை' திட்டம்தான். விளைவு என்ன? உரிமம் வாங்கியவர் அந்தக் கடையை எப்படி நடத்தினாலும் சகோதரர்களுக்கு ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போய்ப் பார்க்கவும் காரணம் இல்லை. இப்படி உரிமம் வாங்கியவர்கள் இஷ்டப்படி மெனுவையும் விலையையும் மாற்றினார்கள். பெயர் மட்டும்தான் ஒன்று.

ரே கிராக் வந்து சேர்வது 1954-ல். மில்க்‌ஷேக் கலக்கும் எந்திரம் விற்கும் சேல்ஸ்மேன், வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒரே நேரத்தில் ஐந்து கோப்பை கலக்கும் எந்திரம் அது. ஒரு சின்னக் கடைக்கு அதில் எட்டு எதற்கு என்று பார்க்கப் போனவர், நாடு முழுக்க உரிமம் விற்கும் முகவராகத் திரும்பி வந்தார். 1955 ஏப்ரலில் சிகாகோ பக்கத்தில் டெஸ் பிளேன்ஸ் என்ற ஊரில் தன் முதல் கடையைத் திறந்தார்.

அவர் போட்ட கணக்கு இது. நுழைவுக் கட்டணம் 950 டாலர். ராயல்டி விற்பனையில் 1.9 சதவீதம், அதில் 0.5 சகோதரர்களுக்கு, மீதி 1.4 கிராக்குக்கு. ஒரு கடை ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் விற்றால் அவர் கைக்கு வருவது 2,800 டாலர். அந்தப் பணத்தில் மேற்பார்வையாளரை அனுப்ப வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், இடம் தேட வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் உரிமம் விற்றவர்கள் பலர் இதைவிடச் சுலபமான வழியில் சம்பாதித்தார்கள். ஒரு மாநிலத்தையே ஒருவருக்குப் பெரிய தொகைக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. எந்திரத்திலும் சரக்கிலும் தாராளமாக லாபம் வைப்பது. கிராக் இரண்டையும் மறுத்தார். ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு கடைதான். நன்றாக நடத்தினால் அடுத்த கடை. இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு விற்பவர்களிடம் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்துப் பேரம் பேசி, குறைத்த விலையை அப்படியே கடைக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய நியாயம் நேரானது: சரக்கில் நான் லாபம் வைத்தால், கடைக்காரர் நஷ்டப்பட்டாலும் எனக்கு வருமானம் வரும், அப்புறம் அவர் பிழைத்தாரா இல்லையா என்று நான் ஏன் கவலைப்படப் போகிறேன்?

நியாயம் சரி, ஆனால் கம்பெனி பட்டினி கிடந்தது. அதைக் காப்பாற்றியவர் ஹாரி சோனபோர்ன். டேஸ்டி ஃப்ரீஸ் என்ற ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து வந்தவர். 1956-ல் நிலத்துக்கென்றே தனிக் கம்பெனி ஒன்றைத் தொடங்க வைத்தார். இடத்தின் சொந்தக்காரரிடம் மெக்டொனால்ட்ஸ் நீண்ட காலக் குத்தகை எடுக்கும். அதைக் கடைக்காரருக்குக் கூடுதல் வாடகைக்கு உள்குத்தகை விடும். வாடகையில் ஒரு நுணுக்கம் வைத்தார். குறைந்தபட்சத் தொகை ஒன்று, விற்பனையில் ஒரு சதவீதம் ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். கடை சுமாராகப் போனால் கம்பெனி குத்தகைச் செலவை ஈடுகட்டும். கடை அமோகமாகப் போனால் கம்பெனிக்கும் அமோகம். இன்றும் உலகில் 100 மெக்டொனால்ட்ஸில் சுமார் 95 கடைகளை நடத்துபவர்கள் உரிமம் எடுத்தவர்கள்தான். அவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் ராயல்டியைவிட வாடகைதான் பெரிது.

இந்த ஏற்பாட்டை நான் ஏன் மதிக்கிறேன் என்றால், இதில் கம்பெனியின் வருமானம் கடைக்காரரின் கல்லாவோடு கட்டப்பட்டிருக்கிறது. அதே நேரம் இதில் ஒளிந்திருக்கும் பலத்தையும் பார்க்க வேண்டும். இடம் கம்பெனி கையில். சுத்தம், தரம், செய்முறை எதிலாவது ஒப்பந்தத்தை மீறினால் பெயர் மட்டும் போகாது, கடை இருக்கிற இடத்தை விட்டே வெளியேற வேண்டும். 1.9 சதவீத ராயல்டியால் வாங்க முடியாத கட்டுப்பாட்டை அந்தக் குத்தகைப் பத்திரம் வாங்கிக் கொடுத்தது. 1961-ல் கிராக் சகோதரர்களுக்கு 27 லட்சம் டாலர் கொடுத்து அவர்களுடைய உரிமைகளை வாங்கிக்கொண்டார்.

கடைக்காரர் என்பவர் வெறும் சொன்னதைச் செய்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்டொனால்ட்ஸ் என்றவுடன் உலகத்துக்கு நினைவு வரும் பல பண்டங்கள் தலைமை அலுவலகத்தில் பிறக்கவில்லை. சின்சினாட்டியில் லூ க்ரோன் என்பவரின் கடை கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதியில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், கடை ஈயாடும். 1962-ல் அவர் மீன் சாண்ட்விச் ஒன்றைச் செய்துகொண்டு போய் நின்றார். கிராக்குக்கு விருப்பமில்லை, இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு வைத்த பர்கர் ஒன்றைத் தானே முன்வைத்தார். இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் ஜெயித்தது. பென்சில்வேனியாவில் ஜிம் டெலிகாட்டி 1967-ல் பிக் மேக்கைத் தன் கடையில் அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் போனது. அதற்காக அவருக்குத் தனி ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. கடைக்காரர் கண்டுபிடிப்பது கம்பெனிக்குச் சொந்தம் என்பதுதான் ஒப்பந்தத்தின் போக்கு. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகப் படவில்லை. டெலிகாட்டி பல கடைகள் நடத்தியவர், வசதியாகவே வாழ்ந்தார் என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் தெருவில் நின்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கிறவருக்குத் தெரிவது அலுவலகத்துக்குத் தெரியாது; அந்த அறிவுக்கு ஒரு விலை போட்டிருக்கலாம்.

ஒப்பந்த வாசகம் கம்பெனிக்கே எதிராகத் திரும்பியதும் உண்டு. 1899-ல் கோகோ கோலாவின் ஏசா கேண்ட்லர், சட்டனூகா ஊரைச் சேர்ந்த இரண்டு வக்கீல்களுக்கு அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். விலை ஒரு டாலர். பாட்டில் வியாபாரம் எடுபடும் என்று அவருக்கு நம்பிக்கையில்லை. கம்பெனி அவர்களுக்கு விற்கும் பாகின் விலையை நிரந்தரமாகக் குறித்துவிட்டார்; ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியும் இல்லை. முதல் உலகப் போரை ஒட்டிச் சர்க்கரை விலை எகிறியபோது கம்பெனி விழி பிதுங்கியது. விலையை மாற்றப் பார்த்தது. பாட்டில்காரர்கள் 1920-ல் நீதிமன்றம் போனார்கள். பாகின் விலையைச் சர்க்கரை விலையோடு இணைத்துச் சமரசம் ஆனது. விலை எதோடு இணைந்திருக்கிறது என்று எழுதி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கீழே இது மறுபடி தேவைப்படும்.

மூன்றாவது வாசலான சரக்கு லாபத்தைப் பெரிதும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு க்விஸ்னோஸ் நல்ல சாட்சி. டென்வரில் 1981-ல் தொடங்கிய சாண்ட்விச் கடை. 2007 வாக்கில் ஏறத்தாழ 5,000 கடைகள் வரை போனது. ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, காகிதம் எல்லாவற்றையும் கம்பெனியின் துணை நிறுவனம் வழியாகத்தான் வாங்க வேண்டும். வெளிச் சந்தையில் கிடைப்பதைவிட அதிக விலை வாங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். கம்பெனி சலுகைக் கூப்பன்களை வீசி விற்பனையைக் கூட்டியது. விற்பனை கூடினால் சரக்கு போகும், கம்பெனிக்கு வருமானம். கடைக்காரருக்கோ ஒவ்வொரு கூப்பனும் கையைக் கடித்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் மூடின. 2014-ல் கம்பெனியே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடைக்காரரை வற்றவைத்தால் தானும் வற்ற வேண்டியிருக்கும் என்பது அங்கே சில ஆண்டுகளில் நடந்து முடிந்தது.

நம் ஊருக்கு வருவோம்.

ஈரோட்டில் இருக்கும் என் சித்தி மகன் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கலாம் என்று ஒரு கம்பெனியின் ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தான்.

"ராயல்டியே இல்லையாம்ணா. ஃபீஸ் நாலு லட்சம் ஒரே தடவை கட்டினா போதும்."

"சரக்கு யாருகிட்ட வாங்கணும்?"

"டீத்தூள், மசாலாப் பொடி, பிஸ்கட், கப் எல்லாம் அவங்ககிட்டதான். அதுல என்னண்ணா இருக்கு? எங்கே வாங்கினாலும் காசு கொடுத்துதானே வாங்கணும்?"

அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். நாள் விற்பனை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,40,000. கம்பெனியிடம் வாங்கும் சரக்கு மாதம் 80,000 ரூபாய் என்று வைப்போம். அதே தரச் சரக்கை ஈரோடு மொத்தக் கடையில் விசாரித்தால் 65,000-க்குள் முடிகிறது என்றும் வைப்போம். மாதம் 15,000 ரூபாய் வித்தியாசம். அது விற்பனையில் 6.25 சதவீதம். காகிதத்தில் ராயல்டி பூஜ்யம். நடைமுறையில் ஆறே கால் சதவீத ராயல்டி, ரசீது இல்லாமல் டீத்தூள் பாக்கெட்டுக்குள் போகிறது. அவன் உண்மையாகவே மொத்தக் கடைக்குப் போய் விலை கேட்டு வந்தான். டீத்தூளில் வித்தியாசம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம், கப்பில் குறைவு.

சரக்கு லாபம் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமுல் பார்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் ராயல்டி இல்லை. திருப்பித் தரக்கூடிய வைப்புத் தொகை ஒன்று கட்ட வேண்டும். ஆனால் பாக்கெட் மேல் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறது. பாலில் இத்தனை, ஐஸ்கிரீமில் இத்தனை என்று கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். பால் பாக்கெட்டில் இரண்டரை சதவீதம், ஐஸ்கிரீமில் 20 சதவீதம் என்பது ஊரறிந்த கணக்கு. பாலை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று கடை போடும் முன்னே உங்களுக்குத் தெரியும். தெரிந்து இறங்குகிறீர்கள். டீத்தூள் பாக்கெட்டில் கம்பெனி வைக்கும் லாபம் அப்படி வெளிச்சத்தில் இல்லை. அடுத்த மாதம் கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றினாலும் உங்களால் கேள்வி கேட்க முடியாது. அதனால் தம்பியிடம் நான் சொன்னது: சரக்கு விலை எதோடு இணைந்திருக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். ஏலச் சந்தை விலை என்றாவது, ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்றாவது இருக்கட்டும்.

இன்னொரு செலவும் பலர் கண்ணில் படுவதில்லை. நுழைவுக் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. நாலு லட்சம் என்றால் கூடவே 72,000. சாதாரண டீக்கடை, ஓட்டல் 5 சதவீத ஜிஎஸ்டியில் நடப்பதால் இந்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. முழுக்கச் செலவுதான்.

நாலு லட்சம் கட்டணத்துக்கே மறுபடி வருகிறேன். ஒரு கம்பெனி மாதம் பத்துக் கடை திறக்கிறது என்றால் நாற்பது லட்சம் கட்டணமாக வருகிறது. அந்த வருமானத்தில்தான் கம்பெனி ஓடுகிறது என்றால், அதன் வியாபாரம் டீ அல்ல; கடை திறப்பு. பழைய கடை மூடினால் அதற்கு நஷ்டமில்லை. அதே தெருவில் இன்னொருவருக்கு மறுபடி கட்டணம் வாங்கித் திறந்துவிடலாம். திறப்பு விழாப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். மூடிய கடையின் படத்தை யாரும் போடுவதில்லை.

இதன் முற்றிய வடிவம் "நீங்கள் பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், மாதம் இவ்வளவு உறுதியாகத் தருகிறோம்" என்பது. இதில் நான் யாரையும் இறங்கச் சொல்லமாட்டேன். டீக்கடைக்கு மழைக்காலம் உண்டு, பள்ளி விடுமுறை உண்டு, எதிரே புதுக்கடை வரும் நாள் உண்டு. மாதம் தவறாமல் ஒரே தொகை எப்படி வரும்? புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணத்திலிருந்துதான் வர முடியும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் குடும்பத்தில் இன்றும் இதைப் பற்றிப் பேச முடியாது. அங்கும் மாதத் தொகை உறுதி, கோழியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற உறுதி, நடிகர்களை வைத்து விளம்பரம். புதிய ஆட்கள் வருவது நின்ற மாதமே எல்லாம் நின்றது.

ஒப்பந்தத்தில் உள்ளே போகும் வழியைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். வெளியே வரும் வழி ஒரு பத்தியில் இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஒப்பந்தம் ஐந்தாண்டு, கட்டடக்காரரிடம் போட்ட வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம் என்றால், அலங்காரத்துக்குப் போட்ட எட்டு லட்சம் யாரை நம்பி நிற்கிறது? வாடகைப் பத்திரம் யார் பெயரில்? கம்பெனி பெயரில் என்றால் சோனபோர்னின் பலம் அவர்கள் கையில் இருக்கிறது; உங்கள் பெயரில் என்றால் கடை கெட்டாலும் வாடகை உங்கள் தலையில். ஒரு கிலோமீட்டருக்குள் வேறு கடை வராது என்று எழுதியிருக்கலாம். ஸ்விக்கி, ஸொமேட்டோவில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடை உங்கள் தெருவுக்கே டெலிவரி தருமே, அதற்கு என்ன ஏற்பாடு?

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிக் கம்பெனியின் சரக்கைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலே செய்யக்கூடாது என்ற தடை, ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி பெரும்பாலும் நிற்காது. ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றப் படியேறுவது டீக்கடைக்காரர்தான்.

பெரிய ஆட்களுக்கே இது லேசாக இருந்ததில்லை. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸைக் கொண்டுவந்தவர் விக்ரம் பக்‌ஷி. 1995-ல் கம்பெனியோடு பாதிக்குப் பாதி கூட்டு. 2013-ல் நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து அவரை இறக்கினார்கள். தீர்ப்பாயம் 2017-ல் அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கடுத்த மாதமே 169 கடைகளின் உரிமத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. பங்கில் பாதி அவருடையது, பெயர் முழுக்க அவர்களுடையது. 2019-ல் சமரசம் ஆகி அவர் தன் பங்கைக் கொடுத்துவிட்டு விலகினார். வழக்கறிஞர் படை வைத்திருந்தவருக்கே ஆறு ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவில் ஏமாந்தவர்கள் பெருகிய பிறகுதான் சட்டம் வந்தது. கலிஃபோர்னியா 1970-ல் தொடங்கி வைத்தது. 1978-ல் நாடு முழுமைக்கும் விதி வகுத்தார்கள். இப்போது கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பு 23 தலைப்புகளில் விவரம் கொடுத்தாக வேண்டும்: கம்பெனி மேல் உள்ள வழக்குகள், கட்டாயச் சரக்கில் கம்பெனிக்கு வரும் வருமானம், எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது இருபதாவது தலைப்பு. நடப்பில் இருக்கும் கடைக்காரர்களோடு, கடந்த ஓராண்டில் விலகியவர்களின் பட்டியலும் தொடர்பு விவரத்தோடு அதில் இருக்க வேண்டும். விலகியவரிடம் பேசினால் விளம்பரத்தில் வராததெல்லாம் வரும். இப்படி ஒரு விதி நம் நாட்டில் இன்னும் வராதது பெரிய குறை. தமிழ்நாட்டில் சேமிப்பையும் நகைக்கடனையும் போட்டு ஃபிரான்சைஸ் எடுக்கிறவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் இது உடனே வர வேண்டும் என்று தோன்றுகிறது.

தம்பி அந்தப் பட்டியலைக் கம்பெனியிடம் கேட்டான். நடக்கும் கடைகளின் எண்களை உடனே கொடுத்தார்கள். மூடியவர்களின் விவரம் "பாலிசிப்படி தர முடியாது" என்று பதில் வந்தது. அவன் விடவில்லை. பழைய ஓட்டல் சாமான் வாங்கி விற்கும் கடைகளுக்குப் போனான். டீ பாய்லர், ஸ்டீல் கவுண்டர், ஃப்ரீஸர், மடக்கி வைத்த பெயர்ப் பலகை எல்லாம் கடைசியில் அங்கேதானே வந்து சேரும். ஒரு கவுண்டரில் அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர் பாதி கிழிந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் விற்றவரின் ஊரைச் சொன்னார்.

விற்றவர் சேலம் பக்கம். தம்பி நேரில் போய்ப் பேசினான். டீ நன்றாகத்தான் போனது என்றார் அவர். காலையில் கூட்டம் நிற்கும். பாலை மட்டும் உள்ளூரில் வாங்கினார். மற்றதெல்லாம் கம்பெனி லாரியில் வரும். சரக்கு விலை ஓர் ஆண்டுக்குள் இரண்டு தடவை ஏறியது, டீ விலையை ஏற்றக் கம்பெனி சம்மதிக்கவில்லை. மாதக் கடைசியில் மாஸ்டர் சம்பளமும் வாடகையும் போக அவர் கையில் நின்றது, முன்பு பார்த்த வேலையின் சம்பளத்தைவிடக் குறைவு. மூன்று லட்சத்துக்கு வாங்கிய சாமான்களை எழுபதாயிரத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

அவர் கொடுத்த மாதவாரிச் சரக்கு ரசீதுகளின் நகல் இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதை வைத்துச் சரக்கு விலைக்கு ஆண்டு உச்சவரம்பு, மூடினால் எந்திரங்களைத் தேய்மானம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற இரண்டு நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறோம். முதலாவதைப் பேசலாம், இரண்டாவது முடியாது என்கிறார்கள். இரண்டும் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான்.